துயரத்திற்கும் பசி உண்டோ?

துயரம் வந்தால் உணவு செல்லாது என்பது நம் மக்களின் பழைய அனுபவம். “துக்கம் தொண்டையை அடைக்கிறது” என்கிறோம். “ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை” என்கிறோம். மவ்த்தான வீட்டிற்குச் சென்று வந்தவரிடம் நாம் முதலில் கேட்பதும், “அவர்கள் ஏதாவது சாப்பிட்டார்களா?” என்பதுதான். உண்ணாமையே துயரத்தின் அடையாளம் என்று நம் மொழி நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

ஆயினும், துயரத்தால் உண்ணாதவர் இருப்பது போலவே துயரத்தால் உண்பவரும் உலகில் உளர். கடன் கழுத்தை நெரிக்கும் வணிகர் கணக்கேட்டை மூடிவிட்டு, நள்ளிரவில் முறுக்கு டப்பாவைத் திறக்கின்றார். கணவரை இழந்து இத்தா இருக்கும் பெண், பிள்ளைகள் உறங்கிய பின்னர் அடுப்படியில் நின்றவாறே எஞ்சிய சோற்றை உண்கின்றார். தேர்வில் தவறிய இளைஞன் கதவைத் தாழிட்டுக்கொண்டு பிஸ்கட் பொட்டலங்களை ஒவ்வொன்றாகக் காலி செய்கின்றான். இவர்கள் பசித்து உண்ணவில்லை. சுவைத்து உண்ணவில்லை. உண்ட பின்னர் மகிழ்ந்ததும் இல்லை.

இத்தகையோரைக் குறிக்க நம்மிடையே தனிச்சொல் வழக்கில் இல்லை. ஜெர்மானியர், கவலையில் உண்டு உண்டு உடலில் சேர்ந்த சதையைக் குறிக்கக் ‘கும்மர்ஷ்பெக்’ என்றொரு சொல்லை வைத்திருக்கின்றனர். ‘துயரக் கொழுப்பு’ என்று அதனை நாம் பெயர்க்கலாம். நமக்கோ ‘பெருந்தீனிக்காரர்’ என்ற வசைச்சொல்லே எளிதில் வாயில் வருகிறது. அச்சொல் இவர்களுக்குப் பொருந்துமா? துயரத்தில் உண்பது ஒழுக்கக் குறையா, நோயா, அல்லது இரண்டுமல்லாத வேறொன்றா? இவ்வினாவையே நாம் ஈண்டு ஆராய விழைகின்றோம்.

முதற்கண் உடலின் இயல்பை நோக்குவோம். 1936-ஆம் ஆண்டில், கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆய்வு செய்துவந்த ஹான்ஸ் ஸெல்யே என்னும் அறிஞர் ஓர் உண்மையை வெளியிட்டார். குளிர், காயம், நஞ்சு என உடலைத் தாக்குவன எவையாயினும் உடல் அவற்றை ஒரே வகையாக எதிர்கொள்கிறது என்பதே அது. இன்று ‘ஸ்ட்ரெஸ்’ என உலகமெங்கும் பேசப்படும் கருத்துக்கு அடிகோலியது அவ்வாய்வு. அதன் பின்னர் வந்தோர் கண்டறிந்தவற்றைச் சுருங்கக் கூறின், அதிர்ச்சி நேர்ந்த முதற்பொழுதில் அட்ரினலின் என்னும் சுரப்புநீர் பெருகுகிறது. குருதி தசைகளை நோக்கி விரைகிறது. இரைப்பையின் வேலை தளர்கிறது. மூளையும் பசியை ஒடுக்குகிறது. ‘சோறு இறங்கவில்லை’ என்பது வெறும் பேச்சன்று. அது உடல் கூறும் மெய்யேயாகும்.

ஆனால் கவலை நாட்கணக்கில், மாதக்கணக்கில் நீடிக்குமாயின் நிலைமை மாறுகிறது. சிறுநீரகங்களின் மேலமைந்த சுரப்பிகள் கார்ட்டிசால் என்னும் மற்றொரு நீரைத் தொடர்ந்து சுரக்கின்றன. அது உணவின்பால், அதிலும் இனிப்பும் கொழுப்பும் நிறைந்த உணவின்பால், நாட்டத்தைத் தூண்டுகிறது. உறக்கம் கெடும்போது இந்நாட்டம் இன்னும் மிகும். கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் மேரி டால்மன் என்ற ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் 2003-இல் வெளியிட்ட கட்டுரையொன்று, எலிகளிடம் செய்த சோதனைகளைக் கொண்டு, இதற்கு ஒரு விளக்கம் தந்தது. நெடுங்கவலையில் உள்ள உயிர் இனிப்பையும் கொழுப்பையும் உண்ணும்போது, மூளையில் மூண்டிருக்கும் அந்தக் கலக்கம் சற்றே தணிகிறது. அவ்வாறு தணிவதற்கு உடல் தரும் விலை, வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு.

இதனை நம் வாசகர் கூர்ந்து நோக்க வேண்டும். துயரத்தில் உண்பவர் கற்பனையான ஆறுதலைத் தேடி ஓடவில்லை. அவருக்கு ஆறுதல் சிறிதளவு உண்மையிலேயே கிடைக்கிறது. அதனால்தான் மறுநாளும் கை அதே டப்பாவை நாடுகிறது.

எல்லாரும் இவ்வாறு உண்பதுமில்லை. லண்டன் மாநகரில் அரசு ஊழியர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை 1985 முதல் தொடர்ந்து கவனித்துவரும் ‘வைட்ஹால்’ ஆய்வு ஒன்றுண்டு. அதில், பணிச்சுமையின் இறுக்கத்திற்கு ஆளான ஆண்களுள் மெலிந்தவர்கள் மேலும் மெலிந்தனர். பருத்தவர்கள் மேலும் பருத்தனர் என 2006-இல் எழுதினர். ஒரே இறுக்கம், இரு உடல்களில் இரு விளைவு. அப்படியாயின், மெலிந்தவரைப் பார்த்து “பாவம், கவலை இவரை உருக்கிவிட்டது” என்று இரங்கும் நாம், பருத்தவரைப் பார்த்து “இவருக்கு என்ன கவலை, நன்றாகத்தான் சாப்பிடுகிறார்” என்று நகைப்பது நீதியாகுமா?

இனி, ஒழுக்க நூல்களின் பக்கம் திரும்புவோம். அரபு மொழியில் பசிக்கு ‘ஜூஉ’ என்று பெயர். இச்சைக்கு ‘ஷஹ்வத்’ என்று பெயர். உணவின் மீதுள்ள அடங்காப் பேராசைக்கு ‘ஷரஹ்’ என்று பெயர். முதலாவது தேவை, இரண்டாவது இயற்கை, மூன்றாவதே பழிக்கப்பட்டது. கவலைக்கும் அம்மொழியில் ஒரு சொல்லோடு முடிவதில்லை. ‘ஹம்மு’ என்பது வரப்போவதை எண்ணி வாடுவது. ‘ஹுஸ்ன்’ என்பது சென்றதை எண்ணி வருந்துவது என விளக்கவுரையாளர் பிரித்துரைப்பர். இவ்விரண்டினின்றும் இறைவனிடம் காவல் தேடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த பிரார்த்தனை நம் பிள்ளைகளும் மனனம் செய்வது. காவல் தேட வேண்டிய அளவிற்கு அவை வலியனவென்பது அதனால் பெறப்படும்.

ஷரஹ் உடையவன் சுவைக்காக உண்பவன். அவனுக்கு விருந்து வேண்டும், சபை வேண்டும், அடுத்த தட்டில் என்ன இருக்கிறது என்ற நோட்டமும் வேண்டும். துயரத்தில் உண்பவரோ சுவையை அறியாமலே விழுங்குகின்றார். சபையை விட்டு ஒளிகின்றார். கையில் கிடைத்தது பழைய சோறாயினும் அவருக்குப் போதும். வெளித்தோற்றத்தில் இருவரும் ஒரே செயலைச் செய்கின்றனர். உள்ளத்தில் இருவரும் வெவ்வேறு இடங்களில் நிற்கின்றனர். செயலை எண்ணத்தைக் கொண்டு அளப்பதே நம் மரபாயிருக்க, இவ்விருவரையும் ஒரே பெயரால் அழைப்பது எங்ஙனம் பொருந்தும்?

அடங்காத பசி ஒருவர் விரும்பித் தேடிக்கொள்ளாத பிணியாகவும் வரலாம் என்பதைத் தமிழ்ப் புலவரும் அறிந்திருந்தனர். மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்பவள் முனிவர் ஒருவரின் சாபத்தால் ‘யானைத்தீ’ என்னும் பெரும்பசி நோய்க்கு ஆளாகின்றாள். எத்துணை உண்டும் தணியாத அப்பசி, மணிமேகலை தன் அமுதசுரபியிலிருந்து அள்ளியிட்ட உணவால் தணிகிறது. தானே தேடித் தேடி உண்டபோது அடங்காதது, பரிந்து ஊட்டிய பிறிதொருவர் கையால் அடங்கிற்று என்பதை நாம் மனத்திற் கொள்வோமாக.

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதம் எழும். “வயிறே கேடுகளின் ஊற்று என்று பெரியோர் எச்சரிக்கவில்லையா? வயிற்றில் மூன்றில் ஒரு பங்கே உணவுக்கு என்ற வரையறை நமக்கு இல்லையா? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவின் 40 நூல்களுள் 23-ஆவது நூலை வயிறு முதலான இச்சைகளை அடக்குவதற்கென்றே எழுதவில்லையா? கவலை என்றொரு சாக்கைக் கூறி நஃப்ஸின் கடிவாளத்தைத் தளர்த்தலாமா?” என்பர்.

வாதம் வலியதே. இமாமவர்கள் பசியின் நன்மைகளை அந்நூலில் விரிவாக எடுத்துரைப்பது உண்மை. ஆனால் அதே நூலில், இயல்பான மனிதர்க்கு இலக்கு நடுநிலையே எனவும் அவர்கள் தெளிவுபடுத்துகின்றார்கள். வயிற்றின் கனமும் தெரியக்கூடாது. பசியின் வலியும் தெரியக்கூடாது. வயிற்றை மறந்து வேறு கடமைகளில் ஈடுபட முடிகின்ற நிலையே அவர்கள் கருதிய நலம். அவ்வளவுகோலை வைத்துப் பார்த்தால், துயரத்தில் உண்பவரும் தவறுகின்றார். அவரை வைது பட்டினி போடத் தூண்டுபவரும் தவறுகின்றார். இருவர் மனமும் நாள் முழுதும் வயிற்றையே சுற்றி வருகின்றது.

பட்டினி மனத்தை எவ்வாறு வயிற்றோடு பிணைக்கும் என்பதற்கு ஒரு சான்று. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், பஞ்சத்தில் வாடிய மக்களை மீட்டெடுக்கும் வழியறிய, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்ஸல் கீஸ் என்பவர் 1944-45-இல் ஒரு சோதனை நடத்தினார். தாமே முன்வந்த 36 ஆடவர்க்கு ஏறத்தாழ ஆறு மாத காலம் அரை வயிற்று உணவே தரப்பட்டது. உடல் மெலிந்தது, அதனினும் வியப்பு, அவர்கள் உள்ளம் உணவாலேயே நிறைந்தது. சமையல் நூல்களைப் படித்தனர். உணவைப் பற்றியே கனவு கண்டனர். சோதனை முடிந்த பின்னர், வயிறு நிறைந்தும் மனம் நிறையாமல் அளவிறந்து உண்டோரும் அவர்களுள் இருந்தனர். இரவில் மிகுதியாக உண்டுவிட்டு, அதற்குத் தண்டனையாக மறுநாள் பட்டினி கிடந்து, அன்றிரவே மீண்டும் தோற்றுப்போகும் பலருடைய கதைக்கு இதில் விளக்கமுண்டு. நோன்பு இதனின் வேறானது. அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. ஸஹர் உணவு உண்டு. பள்ளிவாசலில் பலரோடு அமர்ந்து கஞ்சி அருந்தும் மாலைப்பொழுதும் உண்டு. அது தண்டனையன்று.

அவ்வாறாயின் துயரத்திற்கு உணவு தரலாகாதா? தரலாம்; தர வேண்டும் என்பதே நம் மரபு. ஹிஜ்ரி 8-இல் (கி.பி. 629) மூத்தாப் போரில் ஜஃபர் (ரலி) அவர்கள் வீரமரணம் எய்திய செய்தி மதீனாவிற்கு எட்டியபோது, அவர்தம் குடும்பத்தார்க்கு உணவு சமைத்தனுப்புமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள், தங்களை மறக்கச் செய்யும் துன்பம் அவர்களுக்கு நேர்ந்துவிட்டது என்ற காரணத்தையும் கூறினார்கள். இதனை அடியொற்றியே இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது மின்ஹாஜ் நூலில், அண்டை வீட்டார் அன்றைய பகலுக்கும் இரவுக்கும் போதுமான உணவைச் செய்தளிப்பதும், உண்ணும்படி அவர்களை வற்புறுத்துவதும் விரும்பத்தக்கன என வகுத்துள்ளார்கள். நம் கடற்கரை ஊர்களில் மவ்த்தான வீட்டு அடுப்பு அணைந்திருக்க, அடுத்த வீட்டு அடுப்பு எரிவது இந்த நெறியின் தொடர்ச்சியன்றி வேறன்று.

இதனினும் நுட்பமான செய்தியொன்றைப் புகாரி ஷரீபில் காண்கின்றோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் உறவினர் எவரேனும் இறந்தால், பெண்கள் கூடுவர். பின்னர் கலைந்து செல்வர். குடும்பத்தாரும் நெருங்கியோரும் மட்டுமே எஞ்சியிருக்கும் அப்பொழுதில் அன்னையவர்கள் ஒரு சட்டியில் ‘தல்பீனா’ காய்ச்சச் சொல்வார்கள். மாவைக் கொண்டு காய்ச்சும் கஞ்சி அது. வாற்கோதுமை மாவும், சில வேளைகளில் தேனும் சேர்ப்பர். பாலைப் போல வெண்மையாகவும் நெகிழ்வாகவும் இருப்பதால், பாலைக் குறிக்கும் ‘லபன்’ என்னும் சொல்லடியாக அப்பெயர் பெற்றது. அதனை உண்ணுமாறு பெண்களுக்குக் கூறி, அது நோயுற்றவரின் உள்ளத்திற்கு இதமளிக்கும். துயரத்தில் ஒரு பகுதியைப் போக்கும் என நாயகம் (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாகவும் அறிவிப்பார்கள்.

‘துயரத்தில் ஒரு பகுதி’ என்ற அளவினை நாம் நெடிது சிந்திக்க வேண்டும். உணவு துயரத்தைப் போக்காது என்று அங்கே கூறப்படவில்லை. முற்றிலும் போக்கும் என்றும் கூறப்படவில்லை. ஒரு பகுதியைப் போக்கும். மற்றப் பகுதி யாருடையது? அழுகைக்கு உரிய பகுதி உண்டு. தொழுகைக்கு உரிய பகுதி உண்டு. காலத்திற்கு உரிய பகுதி உண்டு. அருகில் வந்தமரும் மனிதருக்கு உரிய பகுதியும் உண்டு. இவையெல்லாம் செய்ய வேண்டிய பணியை உணவு ஒன்றே செய்ய வேண்டுமென எதிர்பார்ப்பதுதான் கேடு. துயரத்தில் உண்பவரின் பிழை அவர் ஆறுதல் தேடியதில் இல்லை. ஒரு பகுதியைத் தரவல்ல பொருளிடம் முழுவதையும் கேட்டதில் இருக்கிறது. அது தராதபோது மேலும் கேட்கின்றார், தட்டு பெருகுகிறது, துயரம் குறையவில்லை.

அவர் ஏன் முழுவதையும் அதனிடம் கேட்க நேர்ந்தது? ஏனைய பகுதிகளைத் தர வேண்டியோர் வராமையால் அன்றோ? மவ்த்தான அன்று வீடு கொள்ளாத கூட்டம். மூன்றாம் நாள் வரை சட்டிகள் வந்தவண்ணம் இருக்கும். மூன்றாம் மாதத்தில் அவ்வீட்டுக் கதவைத் தட்டுவோர் எத்தனை பேர்? உடல் உணவை மறுப்பது முதல் நாட்களில்; உணவை நாடத் தொடங்குவது கவலை நீண்டு செல்லும் நாட்களில். நாம் வற்புறுத்தி ஊட்டுவது அவர் உண்ண இயலாத பொழுதில். அவர் தனியே உண்ணும் பொழுதில் நாம் அங்கு இல்லை. வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் ஊர் ஆடவரின் அறைகளிலும், இங்கே அவர்களை எதிர்நோக்கி ஆண்டுகளைக் கழிக்கும் பெண்களின் அடுப்படிகளிலும் மவ்த்து நேராமலே இத்தகைய தனிமை குடியிருக்கிறது. அந்த வெற்றிடத்தில், ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் தெருமுனைக் கடையில் தொங்கும் பொட்டலங்கள் எந்நேரமும் ஆயத்தமாக நிற்கின்றன. சமைக்க வேண்டியதில்லை, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, யாருக்கும் தெரியவும் வேண்டியதில்லை.

இதன் விளைவு சிறிதன்று. நூறு கிராம் மிக்சரில் 500 கலோரிக்குக் குறையாத ஆற்றல் அடங்கியுள்ளது. அதனைச் செலவிட நடுத்தர உடலினர் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். ஆசிய மக்களுக்குப் பிற இனத்தாரைக் காட்டிலும் குறைந்த எடையிலேயே நோய்க்கான இடர் தொடங்கிவிடுகிறது என்பதும் மருத்துவர் கண்ட உண்மை. 160 செ.மீ. உயரமுள்ளவர்க்கு 59 கிலோவைத் தாண்டியதுமே கவனம் வேண்டும் என்பது, உலக சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு ஆசியர்க்கென 2004-இல் வெளியிட்ட அளவின்படி அமைவது. வயிற்றைச் சுற்றிய கொழுப்பு நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் வழிவகுக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவுடையோர் பத்துக் கோடிக்கு மேல் என மதிப்பிட்டது. இவர்கள் அனைவரும் கவலையால் உண்டவர் என்று நாம் கூறவில்லை. ஆனால் ஒரு நோயாளியிடம் “இனிப்பைக் குறையுங்கள்” என்று மட்டும் கூறி, “உங்களுக்கு என்ன கவலை?” என்று கேளாது அனுப்பினால், அறிவுரையின் பாதி வாசலிலேயே நின்றுவிடும்.

வசைமொழியோ அதனினும் கொடிது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் விளக்க நூலின் ஐந்தாம் பதிப்பு, கட்டுப்பாடிழந்து மிகையாக உண்ணும் நிலையைத் தனி நோயாக ஏற்றது. வாரத்திற்கு ஒரு முறையேனும், மூன்று மாத காலம், தன்னைத் தடுக்க இயலாதவாறு ஒருவர் அளவிறந்து உண்பாராயின் மருத்துவர் அதனைக் கருத்திற் கொள்வர். அதன் அடையாளங்களுள் இரண்டு நம் சிந்தனைக்கு உரியவை: வெட்கத்தால் தனித்து உண்பது, உண்ட பின்னர் தன்னையே வெறுப்பது. பெருநாள் விருந்தில், பலர் நடுவே, “இன்னும் பருத்துவிட்டாயே” என்று நகைத்தவர், அவ்விரண்டையும் வளர்த்துவிட்டே வீடு திரும்புகின்றார். நகைக்கப்பட்டவர் அன்றைய விருந்தில் ஒரு கவளமும் உண்ணமாட்டார். அன்றிரவு தனியே உண்பார்.

“அப்படியாயின் உண்பவருக்குப் பொறுப்பே இல்லையா?” எனக் கேட்கலாம். உண்டு. அமானிதமாகத் தரப்பட்ட உடலுக்கு அவரே காவலர். கவலை கையைத் தட்டை நோக்கிச் செலுத்தும். ஆனால் தட்டைத் தொடுமுன் ஒரு நொடி நிற்க மனிதனால் இயலும். அந்நொடியில், “இது வயிற்றின் பசியா, நெஞ்சின் பசியா?” என்று தம்மைத் தாமே வினவட்டும். வயிற்றின் பசி மெல்ல வரும், எதைக் கொடுத்தாலும் ஏற்கும், நிறைந்தால் நிற்கும். நெஞ்சின் பசி சட்டெனப் பாயும், இன்னதுதான் வேண்டுமென அடம்பிடிக்கும், நிறைந்தாலும் நில்லாது. நெஞ்சின் பசியே என்று தெளிந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. சிறிது உண்ணட்டும், பொட்டலத்தை மடியில் வைத்துக்கொள்ளாமல் தட்டிலிட்டு, அமர்ந்து, கூடுமானால் வீட்டிலுள்ள ஒருவரை அருகழைத்து உண்ணட்டும். ஒளிந்து உண்ணாமை ஒன்றே பாதி மருந்து. தம்மால் இயலாத அளவிற்குக் கட்டு மீறிப் போயிருப்பின் மருத்துவரை நாடுவதில் இழிவு ஏதுமில்லை. பிணிக்கு மருந்து தேடுமாறு நாம் பணிக்கப்பட்டவர்களே.

அவர் கடமை இவ்வளவாயின், சூழ்ந்திருப்போர் கடமை யாது? சட்டிகள் நின்றுபோன பிறகு செல்வதே அது. மூன்றாம் மாதத்தில் ஒரு மாலைப்பொழுதில் அவ்வீட்டிற்குச் செல்வோம். கையில் ஒரு சிறு பாத்திரம் இருந்தாலும் நன்று, இல்லாவிடினும் நன்று. அவர் உடம்பைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதிருப்போம். “தூக்கம் வருகிறதா?” என்று கேட்போம், அவர் பேசினால் செவி கொடுப்போம். அவரோடு அமர்ந்து ஒரு கோப்பைக் கஞ்சி அருந்துவோம்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சட்டி அடுப்பிலேறியது கூட்டம் கலைந்த பிறகே என்பதை மீண்டும் நினைவிற் கொள்வோம். துயரத்தின் ஒரு பகுதியை அக்கஞ்சி போக்கிற்று. அன்று அவர்களோடு தங்கியிருந்தோர் சிலரே. மற்றப் பகுதியைத் தாங்க அவர்கள் இருந்தார்கள். நம் தெருவில், இன்றிரவு, தனியே உண்ணும் ஒருவருக்கு அந்தச் சிலருள் ஒருவராக நாம் இருக்க வல்ல இறைவன் அருள்வானாக.